பந்தல் இல்லாத காட்டில் பசிக்கு என்ன வழி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் செமினியைச் சேர்ந்த மலையேறும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

செமினிக்காரன் மலையைப் பற்றிப் பேசினால், "புரோகா மலையா?" என்றுதான் கேட்பீர்கள். அது 400 மீட்டர். விடியுமுன் ஏறி, சூரிய உதயம் பார்த்து, இறங்கி வந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம். சாப்பாட்டுக்குத் திட்டமே தேவையில்லை.

தைப்பூசத்திலும் அப்படித்தான். தலைநகர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், அன்னதானம். உண்மையைச் சொன்னால், வீட்டில் இருக்கும் நாளைவிட அன்றுதான் அதிகம் சாப்பிடுகிறோம்! இந்தப் பழக்கத்தோடு நம் இளைஞர்கள் காட்டுக்குள் போவதுதான் எனக்குக் கவலை.

நான் சொல்வது குனோங் தஹான். தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலை, 2,187 மீட்டர். கோலா தஹான் வழியாகப் போய்வர ஏறக்குறைய ஏழு நாள். இடையில் கடையில்லை, கம்பமில்லை. முதல் நாள் முதுகில் ஏற்றியதுதான் கடைசி நாள் வரை.

முதல் முறை நாங்கள் ஆறு பேர் போனோம். அரிசியை அவன் கொண்டு வருவான், இவன் கொண்டு வருவான் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டோம். பையைத் திறந்தால் எல்லாரிடமும் சார்டின் டின், மெகி மீ. அரிசி நாலு நாளுக்குத்தான். ஐந்தாம் நாள் கனமழை, ஆறு பெருகிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் கரையிலேயே உட்கார்ந்தோம். ஆறு பேருக்கு இரண்டு பாக்கெட் மீ. எங்களில் இளையவனுக்குக் கை நடுக்கம் கண்டு, எழுந்து நிற்க முடியவில்லை. பின்னால் வந்த மலாய் நண்பர்கள் தங்கள் அரிசியில் பங்கு கொடுத்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால்... இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தஹான் ஆற்றை லேசாக எண்ணாதீர்கள். 1893-இல் பெச்சர் என்ற பொறியாளர் அந்த மலையைத் தேடிப் போய் ஆற்று வெள்ளத்தில் உயிர்விட்டார். 1905-இல் ராபின்சன் குழுவின் நான்கு மலாய்க்காரர்கள் உச்சியை அடைந்தார்கள்.

இப்போது நாங்கள் ஏழு நாள் பயணத்துக்கு எட்டு நாள் உணவு எடுக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் உலர் உணவு, ஆக 4.8 கிலோ. டின் வேண்டாம், தகரத்தையும் தண்ணீரையும் ஏன் சுமக்க வேண்டும்? நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், வேர்க்கடலையில் 560-க்கு மேல். வறுத்த இக்கான் பிலிஸ், புளிக்காய்ச்சல் இரண்டும் கெடாமல் தாங்கும். அவலுக்கு அடுப்பே வேண்டாம், நனைத்தால் போதும். குசேலர் கண்ணனைப் பார்க்க நடந்து போனபோது அவலை முடிந்துகொண்டாரே, விவரமானவர்தான்!

ஒவ்வொரு நாள் உணவையும் தனிப் பையில் கட்டி, நாளை எழுதிவிடுவோம். எட்டாவது பை, குழுவில் யார் மிகவும் கண்டிப்பானவரோ அவரிடம். ஆற்றைக் கடைசியாகக் கடக்கும்வரை அதை அவிழ்க்கக் கூடாது.

இலங்கையில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களைக் கேளுங்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து ஒன்றரை மாத நடை. ஊருக்கு ஊர் அன்னமிடுகிறார்கள். ஆனால் ஒகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காடுகளுக்குள் நுழையும்போது அவர்களும் அரிசி, பருப்பைத் தோளில் சுமந்துகொள்கிறார்கள்.

எங்கள் குழு மீண்டும் தஹான் போகிறது. செமினியில் ஞாயிறுதோறும் அரிசிப் பையைச் சுமந்து ஏறிப் பழகுகிறோம். இளைஞர்கள் வரலாம். ரொட்டி சானாய் இறங்கிய பிறகு.