சம்பள எழுத்தும் சொந்த எழுத்தும்
(திலக் நகரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். 1973ல் மதராஸிலிருந்து ரயிலேறி பம்பாய் வந்து, மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்து, 2011ல் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட 38 வருஷங்களில் நான் எழுதிய குறிப்புகளையும் கடிதங்களையும் அடுக்கினால் இந்த மேடை உயரம் வரும். ஒன்றில்கூட ஆசிரியர் என்று என் பெயர் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. முதல் தேதி சம்பளம் வந்தது. அது போதும் என்று இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் என் பெண் அந்த நிம்மதியைக் கலைத்தாள். ஒரு கம்பெனியில் எழுத்து வேலை, நல்ல சம்பளம். "அப்பா, ராஜினாமா பண்ணப் போறேன். இனிமே தனியா எழுதப் போறேன்" என்றாள். "பென்ஷன் இல்லாத வேலையே தப்பு, நீ வேலையே இல்லாம இருக்கப் போறியா?" என்று கேட்டேன். நாலு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த நாலு நாளில் எனக்கு அசோகமித்திரன் நினைவு வந்தது. 1931ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் காலமான பின் 1952ல் மதராஸ் வந்து, எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. 1966ல் அந்த உத்தியோகத்தை விட்டு முழு நேர எழுத்தாளரானார். குடும்பஸ்தர், தமிழில் இலக்கியம் எழுதி என்ன வந்துவிடும்? சிரமப்பட்டார். ஆனால் அந்த ஸ்டூடியோ வருஷங்கள் வீணாகவில்லை. சினிமா உலகைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' நாவல் அங்கே கண்டதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஜெமினி நினைவுகளின் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் இடம்பெற்றது. 1996ல் சாகித்ய அகாதமி விருது. 2017ல் மறையும்வரை எழுதினார்.

எல்லோரும் அசோகமித்திரன் ஆக முடியாது. ஆகவே ஐந்தாம் நாள் ஃபூல்ஸ்கேப் காகிதத்தோடு உட்கார்ந்து அவளிடம் கணக்குக் கேட்டேன். ஒரு வருஷத்துக் குடும்பச் செலவு வங்கியில் இருந்தது. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு நின்றுவிடும் என்று சொந்தமாக ஒன்று எடுத்திருந்தாள். எட்டு மாதமாக அவள் வெளியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் பார்த்திருக்கிறாள். கம்பெனியும் அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தது. லாபரட்டரியில் ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவோமே, அந்தப் பொறுமை. எனக்குத் தெரியாமல் நடந்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் அவள் சொல்லித்தான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17ம் பிரிவு. வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். பத்திரிகை ஊழியருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை: பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்றது எழுதியவருக்கு. தனியாக எழுதினால் உரிமை எழுதியவருக்கே. அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ள வேண்டும் என்கிறது 19ம் பிரிவு. கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள் என்று உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

முதல் வருஷம் பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. ஒரு இடத்தில் ஐந்து மாதம் பணம் தராமல் இழுத்தார்கள். "பேசாம திரும்ப வேலைக்கே போயிடட்டுமாப்பா?" என்று ஒரு ராத்திரி கேட்டாள். போகச் சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "கடிதத்தை நான் டிராஃப்ட் பண்றேன்" என்றேன். முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவதில் தேதிவாரியாக அட்டவணை. மூன்றாவதற்குப் பணம் வந்தது. சர்க்கார் பாஷைக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு!

அன்று அவள் கேட்டாள்: "இவ்வளவு நன்னா எழுதறேளே, உங்களுக்குன்னு என்னப்பா எழுதினேள்?"

பதில் இல்லை. அதே 17ம் பிரிவுப்படி என் கோப்புகளெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம். எனக்கு மிஞ்சியது அந்த 1973 ரயில் பிரயாணம், முதல் வாடகை அறை, மெஸ் சாப்பாடு, மறைந்த நண்பர்கள்.

இப்போது தினம் காலையில் ஒரு பக்கம் எழுதுகிறேன். யாருக்கும் சமர்ப்பிக்க வேண்டாம், யார் ஒப்புதலும் வேண்டாம். அவளுக்கு இன்னும் பழைய சம்பள அளவு வருமானம் வரவில்லை. எனக்குக் கவலையும் தீரவில்லை. ஆனால் அவள் எழுதியதன் கீழ் அவள் பெயர் இருக்கிறது. இன்று படித்த இந்த உரையின் கீழ் முதல் தடவையாக என் பெயரும் இருக்கும்.