ஒடுங்கி நிற்கும் குஞ்சு
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். கோழிக்குஞ்சு மூலையில் ஒடுங்கி நின்றால், தூங்குகிறது என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். மறுநாள் அது செத்துக் கிடக்கிறது. சில நாளில் பஞ்சாரமே காலியாகிறது. அக்குஞ்சுகளை நம்பிப் பிள்ளைக்குச் சட்டை எடுக்க எண்ணியிருந்த தாயின் கணக்கும் அத்துடன் முடிகிறது.

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கித் தீனியைத் தூவியதும் போய்விடாமல் சற்று நின்று பார்க்க வேண்டும். நலமான குஞ்சு முந்தி ஓடிவரும். இறகைச் சிலிர்த்து, சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிப் பின்தங்கும் குஞ்சை அப்பொழுதே எடுத்துத் தனிக் கூடையில், மற்றவற்றுக்கு எட்டாத இடத்தில், கதகதப்பாக வைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்பே மற்றக் குஞ்சுகளைத் தொடலாம். குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பியுங்கள்.

எல்லா ஒடுக்கமும் நோயன்று. தாயில்லாக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் அது குளிர். முதல் வாரத்தில் அவற்றுக்குச் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். விளக்கை விட்டு விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி என்று பொருள்.

மூன்றாம் வாரம் முதல் எச்சத்தைக் கவனிக்க வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல். குடலில் வளரும் நுண்ணிய ஒட்டுண்ணியே அதற்குக் காரணம். அதன் முட்டை எச்சத்துடன் வெளிவந்து, ஈரத்தில் ஓரிரு நாளில் முற்றி, கொத்தித் தின்னும் மற்றக் குஞ்சுகளைப் பற்றுகிறது. தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்து, நனைந்த உமியை அன்றன்றே வாரிவிட்டால் நோய் வெகுவாகக் குறையும். இதற்கு மருந்தும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுக்க வேண்டும். கடை மாத்திரையைக் கிள்ளிப் போடுவது வைத்தியமாகாது.

மருந்தில்லாத நோய் ஒன்று உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்துத் திருகிக்கொண்டால் அது ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல். 1920-களில் இமயமலைப் பகுதியில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் வந்தது. ஊர் முழுவதையும் அழிக்க வல்ல இந்நோயைத் தடுக்க மட்டுமே முடியும். குஞ்சு பொரித்த ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. நலமாக உள்ள கோழிக்கே இவற்றைப் போட வேண்டும்.

இது இவ்வளவு எளிதானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? ஒரு குப்பியில் நூறு கோழிக்கு வேண்டிய மருந்து வருவது வழக்கம். குளிரில் வைத்துக் காக்க வேண்டிய அம்மருந்தைக் கரைத்த பின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் தாய் தனியே என்ன செய்வாள்? இங்கேதான் பஞ்சாயத்தின் வேலை தொடங்குகிறது. கால்நடை மருத்துவரைக் கண்டு நாள் குறித்து, தெருத் தெருவாகத் தண்டோரா போட்டு, ஊர்க் கோழிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்து போடச் செய்ய வேண்டும்.

நாம் கண்ட ஓர் ஊரில், கோழிகள் சாகத் தொடங்கியதும் எஞ்சியவற்றை ஒருவர் சந்தையில் விற்றுவிட்டார். வாங்கியவர் ஊரிலும் நோய் புகுந்தது. விற்றவரை வைவதில் பயனில்லை. கைப்பொருள் போகிறதே என்ற பயம் அப்படிச் செய்வித்தது. ஆனால் நோய் கண்ட ஊரிலிருந்து கோழி வெளியே போகாமல் பஞ்சாயத்து தடுத்தே ஆக வேண்டும். செத்தவற்றை வாய்க்காலில் எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்க இடம் ஒதுக்க வேண்டும். பல கோழிகள் திடீரென மடிந்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

மருந்து போடும் நாளை எதுவாக வேண்டுமானாலும் குறியுங்கள். நேரம் மட்டும் விடியற்காலையாக இருக்கட்டும். பஞ்சாரத்தைத் திறந்துவிட்ட பிறகு வந்தால், கோழி பிடிப்பதிலேயே பொழுது போய்விடும். கரைத்த மருந்தும் வீணாகும்.