வந்து போகும் வருத்தம்

நேயர்களே, இலக்கிய நிகழ்ச்சியில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று முகஞ்சுளிக்காதீர்கள். சிறிது பொறுத்துக் கேளுங்கள்.

1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலம். வானொலி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுழற்றியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

என்னிடம் 6 வோல்ற் மக்னீற்றோ வண்டியொன்று இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிற்கும். சற்று நேரத்தில் எதுவும் நடவாததுபோல் கிளம்பும். மண்ணெண்ணெயைத்தான் திட்டினேன். கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பயனில்லை. ஓரிரவு, காய்ச்சலில் அனலாய்க் கொதித்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில், சந்தியில் திரும்பியதும் நின்றுவிட்டது. மனைவி பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு இருளில் முன்னே நடக்க, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னே போனேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த நடையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

கொயில் பழுதென்றார் ஒருவர். சம்பளத்திற் பாதியைக் கொடுத்துப் புதிது வாங்க ஆயத்தமானேன். அயலில் இருந்த வயதான மெக்கானிக் தடுத்தார்.

"தம்பி, இது வந்து போற வருத்தம். முதல்லை அதை வரப்பண்ண வேணும்."

பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மாட்டி, இரும்பு உடல் இயந்திரத்தில் படும்படி வைத்து, கிக்கரை உதைக்கச் சொன்னார். மாலை மங்கலில் நீலப்பொறி நன்றாகத் தெரிந்தது. "கொயில் சுகம்" என்றார். பிறகு ஹாண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினார்.

"இப்ப உதையுங்கோ."

பொறி இல்லை. நேராக்கினார், வந்தது.

சாவியை அணைத்தால் மின்னோட்டம் அறுகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். என் மக்னீற்றோ வண்டியில் நடப்பது நேர்மாறு. கொயிலுக்குரிய மின்னோட்டத்தைச் சாவி வண்டியின் உடலோடு சேர்த்துவிடுகிறது. அது உடல்வழி போய்விட, பிளக்கில் பொறி எழாது. சாவிக்கு வரும் வயர், ஹாண்டில் கழுத்தில் உரசி உரசித் தோலுரிந்திருந்தது. இடப்பக்கம் திரும்பும் போதெல்லாம் செம்பு இரும்பைத் தொட்டது. சாவியைத் தொடாமலே நான் வண்டியை அணைத்துக்கொண்டிருந்தேன்! அன்றிரவு அந்தச் சந்தியிலும் இடப்பக்கந்தான் திரும்பினேன்.

ஒட்டுநாடா கிடைக்காத நாட்கள். பழைய சைக்கிள் ரியூபில் ஒரு துண்டை வெட்டி வயரில் இறுகச் சுற்றி, இனி உரசாதபடி சற்றுத் தளர விட்டுக் கட்டினார். கூலி கேட்டேன். "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு கோப்பை தேநீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இன்றைய வண்டிகளில் பொயின்ற் இல்லை. மீற்றரும் மலிவாகக் கிடைக்கிறது. வயர் மட்டும் இன்னும் அதே கழுத்து வழியாகத்தான் போகிறது. என் வண்டியை விற்கும்வரை அந்த ரியூப் துண்டு அவிழவேயில்லை.