கோபுரச் சின்னமும் நாமும்



மதுரையின் அடையாளம் யாதெனக் கேட்டால் சிறு பிள்ளையும் இரண்டைக் கூறும். ஒன்று பாண்டியரின் மீன், மற்றொன்று கோபுரம். மீன், கொடியிலும் காசிலும் பொறிக்கப்பெற்ற மன்னர் சின்னம். ஆனால் மீன் வாழ்வதற்கு நீர் வேண்டும். கண்மாய் வெட்டியும், கரை காத்தும், மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியும் இச்சமவெளியை வாழ்வித்த கைகளில் நம் முன்னோர் கைகள் பல. அவர்களுக்கெனக் கொடி இருந்ததில்லை. அவர்தம் உழைப்பின்றி எக்கொடியும் பறந்ததில்லை.

இனிக் கோபுரத்தைக் காண்போம். சென்னை மாகாண அரசுக்கென 1949-இல் அமைந்து, இன்று தமிழ்நாட்டு அரசின் சின்னமாக விளங்குவதில், கோபுரத்தின் முன்னே அசோகரின் சிங்கத்தூணும் இருபுறமும் தேசியக் கொடிகளும் உள்ளன. அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பார் பலர். வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவோ மதுரைக்காரர், மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தையே வரைந்ததாகக் கூறினார். எக்கோபுரமாயினும், நாம் எண்ண வேண்டுவது அதன் வாயிலைப் பற்றியே.

1939 ஜூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்ட நம்மவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். அதுவரை நம் மக்களுக்குக் கோபுரம் என்பது வெளியே நின்று கும்பிடுவதற்கு மட்டுமே. அடுத்த பத்தாண்டுகளில் கோபுரம் அனைவர்க்கும் பொதுவான அரசின் முத்திரையாயிற்று. 1957-இல் அவ்வரசில் கக்கன் அமைச்சரானார். பின்னர் உள்துறையையும் ஏற்றார்.

இளைஞர்களே! கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள்களில், சாதிச் சான்றிதழை நான்காக மடித்துப் புத்தகத்துள் மறைத்து வந்து, மற்றவர் வெளியேறிய பின் நம் மேசைமேல் வைக்கும் மாணவரைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அவர்களிடம் நாம் கூறுவது ஒன்றே: "மடிப்பைப் பிரித்துப் பார், தம்பி. இதிலுள்ள கோபுரமே உன் மதிப்பெண் சான்றிதழிலும் உள்ளது. மாவட்ட ஆட்சியரின் ஆணையிலும் உள்ளது. அதன் கீழே 'வாய்மையே வெல்லும்' என்றிருக்கிறது. வாய்மையை மடித்து வைப்பானேன்?"

வெட்கம், வாயிலை அடைத்தவர்க்கு உரியது. அதன் வழியே நிமிர்ந்து நுழைந்தவர்க்கு உரியதன்று. அன்று கோயில் வாயிலுக்கு ஒருவர் துணை வேண்டியிருந்தது. இன்று அலுவலக வாயில்களுக்கும் கல்லூரி வாயில்களுக்கும் கல்வியே துணை. அச்சின்னம் பொறித்த தாளை நீட்டி நிற்போராக மட்டுமன்றி, அதில் கையொப்பமிட்டு வழங்குவோராகவும் நீங்கள் உயர வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகள் உழைத்ததன் பயன் அதுவே.