கிளினிக் கொப்பியும் லயத்து அடுப்பும்

(காரைநகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து பொன்னாலைப் பாலம் தாண்டி வந்திருக்கிறோம். உங்களுக்குக் கடல், எங்களுக்குக் கொழுந்து மலை. ஆனால் கிளினிக் கொப்பியைத் திறந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வருத்தங்கள்: சீனி, பிரஷர். வைத்தியர் சொல்வதும் ஒன்றுதான்: மாச்சாப்பாட்டையும் உப்பையும் குறையுங்கள், மரக்கறி கூட்டுங்கள்.

புத்திமதி சரியானது. ஆனால் எங்கள் லயத்தில் காலையில் கோதுமை மா ரொட்டிதான். விடியுமுன் சுடலாம், மத்தியானம் வரை பசி தாங்கும். தேத்தண்ணிக்கு மூன்று தேக்கரண்டி சீனி; ஐந்து தடவை குடித்தால் ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25. உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நம் இரு வீடுகளிலும் அது எளிதில் தாண்டிவிடும்.

வைத்தியர் கேட்டால் "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் ஐயா" என்கிறோம். அந்தப் பொய்யை நம்பித்தான் மருந்தின் அளவு எழுதப்படுகிறது. சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறினால் தலை சுற்றி விழ நேரும். ஆகவே அடுப்பில் உள்ளதை உள்ளபடி சொல்வோம். வைத்தியரும் "என்ன சமைப்பீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்" என்று கேட்டுவிட்டு எழுதட்டும்.

ஒடியல் மா, குரக்கன், சிவப்பரிசி எல்லாம் நல்லவைதான். நல்லதென்று இரட்டிப்பாகச் சாப்பிட்டால் சீனி ஏறவே செய்யும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் உப்பு கொஞ்சம் இறங்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கீரையையும் பழத்தையும்கூட வைத்தியரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

நாக்கைக் கட்டுவது நம் பொறுப்பு. மீதி சங்கத்தின் வேலை. கிளினிக் நாளில் பேர் வெட்டப்படுகிறது. பேர் போகுமென்று எங்கள் பெண்கள் கிளினிக்கையே விடுகிறார்கள். அதனால் கேட்கிறோம்: கிளினிக் நாளுக்கு முழுப் பேர். லயத்தோரம் மரக்கறி போட ஒரு துண்டு நிலம். தோட்டக் கடையில் மாவோடு குரக்கனும் பயறும், வாங்கக்கூடிய விலையில்.

கடலோரத்து உறவுகளே, தொழிலுக்குப் போகாவிட்டால் உங்களுக்கும் அன்றைய வரும்படி இல்லை. இந்தக் கோரிக்கையில் நீங்களும் எங்களோடு நில்லுங்கள்.