எண்ணாகிப் போனவர்களின் பெயர்கள்

(முதல் உலகப் போரில் மாண்ட வட்டாரப் படைவீரர்களுக்காகச் சித்தூரில் தோழர்கள் நடத்திய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்தின் அறிவிப்பு வெளிவந்ததும் இளம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பினர். 1914இல் தொடங்கியது ஏகாதிபத்தியங்கள் உலகைப் பங்கிட்டுக்கொள்ள நடத்திய போர். அதில் பிரிட்டிஷ் மன்னரின் சீருடை அணிந்து சென்றவர்களை நாம் எதற்காக நினைவுகூர வேண்டும்? நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் மாலை அணிவித்துக் கலைந்துவிடுவதற்கு நாம் இங்கே கூடவில்லை.

போர் மூண்டபோது இந்தச் சித்தூர் மாவட்டத்துக்கு வயது மூன்று. 1911 ஏப்ரல் 1 அன்றுதான் இது தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் சித்தூரும் சந்திரகிரியும் திருப்பதியும் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் தலைமையிடமே இந்நகரம்தான். எனவே அன்று வேலூரில் படையில் சேர்ந்தவனையும் சித்தூரில் சேர்ந்தவனையும் இன்றைய மாநில எல்லையை வைத்துப் பிரிக்க இயலாது. ஒரே சந்தைக்கு மாடு ஓட்டியவர்கள், ஒரே கூலிக்கு ஏர் பிடித்தவர்கள், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசியவர்கள்.

அவர்களில் காலாட்படைக்குச் சென்றோர் சேர்ந்த படைகள் பலவற்றின் பெயரில் ‘கர்னாடிக்’ என்னும் சொல் இருந்தது. 73, 75, 79, 80, 86, 88 ஆகிய எண்களைத் தாங்கிய கர்னாடிக் காலாட்படைகள். இந்தச் சொல்லை இன்றைய கர்நாடக மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. நாம் நின்றுகொண்டிருக்கும் மண்ணின் பெயர். இவற்றோடு 83ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படையும் உண்டு. அக்காலத்தில் இத்தகைய படை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே பட்டாலியன்தான்.

ஆனால் ஆட்சியாளர்கள் இவர்களை மதித்தார்களா? 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாகவும் இருந்தவர் ராபர்ட்ஸ் பிரபு. தென்னிந்தியர் போர்க்குணம் இழந்தவர்கள் என்பது அவர் கொள்கை. ‘வீர இனங்கள்’ என்றொரு பட்டியல் உருவாயிற்று. அதன்படி தென்னிந்தியக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. பறையர் சமூகத்தவருக்குக் காலாட்படையில் இடம் சுருங்கியது. சாதிப் படிநிலையை ஏகாதிபத்தியம் உடைத்தது என்று சிலர் இன்றும் எழுதிவருகிறார்கள். அவர்கள் இந்த ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் இருந்த சென்னை சாப்பர்ஸ் படையில் அவர்கள் தொடர்ந்தனர். அப்படைவீரர்களுக்கு ஊர்ப்பெயர் போலவே நிலைத்துவிட்ட செல்லப்பெயர் ‘தம்பிகள்’.

போர் வந்ததும் ‘வீரமற்ற’ இனங்களும் தேவைப்பட்டன. காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். எத்தனை ஆண்டு பணிபுரிந்தாலும் அவன் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் மேஜர் பதவி. அதற்கு மேல், நேற்று லண்டனிலிருந்து வந்த மீசை முளைக்காத ஆங்கிலேய அதிகாரிக்கு அவன் விறைத்து நின்று வணக்கம் செலுத்த வேண்டும். போரின் நான்காம் ஆண்டில்தான் இந்தியருக்கு மன்னரின் அதிகாரி நியமனம் வழங்க முடிவாயிற்று.

அவர்கள் எதற்காக அனுப்பப்பட்டார்கள்? 1914இல் பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில், ஃபாவ் முனையில் இறங்கியது. ஆபதானின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் குழாய்களையும் காப்பது அதன் முதற்பணிகளுள் ஒன்று. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஓர் உழவனின் மகன் டைகிரிஸ் ஆற்றங்கரையில் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் துடித்ததன் பொருளாதாரக் காரணத்தை அறிய வேறு நூல் தேவையில்லை.

அதே வாரத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இந்தியப் படைகள் தோற்றன. அவற்றுள் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. பல வாரங்கள் கப்பலில் அடைபட்டுக் கிடந்த வீரர்களை, முறையான வேவு பார்க்காமல், எதிரிக்குத் தயாராக நேரமும் கொடுத்துவிட்டுக் கரையிறக்கினார்கள். தோல்விக்குப் பின் பழி தளபதிமீது மட்டும் விழவில்லை. தென்னிந்தியச் சிப்பாயின் ‘இனத்தின்’ மீதும் விழுந்தது.

1917 நவம்பரில் சோவியத் அரசு, சமாதான ஆணையை வெளியிட்டது. மேற்காசியாவைப் பங்கிட பிரிட்டனும் பிரான்சும் செய்திருந்த இரகசிய ஒப்பந்தத்தையும் சில நாட்களில் உலகறிய அச்சிட்டது. மெசபடோமியாவில் யாருக்காகச் செத்தோம் என்பதற்கான விடை அதில் இருந்தது. அந்தச் செய்தித்தாள் நம் சிப்பாயின் கையில் கிட்டியிருக்க வாய்ப்பில்லை.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மெசபடோமியாவில் மாண்டு கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக பாஸ்ரா அருகே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயர், அதன் கீழ் ஓர் எண். அவ்வளவே. 1997இல் சதாம் உசேன் ஆட்சியில் அச்சின்னம் பாலைவனச் சாலையோரத்துக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. அந்த எண்களும் உடன் பெயர்ந்தன.

தமிழ் இலக்கியம் கற்ற எனக்கு இவ்விடத்தில் நடுகல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கல்லைத் தேர்வது முதல் நீராட்டி நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்கான முறைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தொறு மீட்கும் பூசலில் இறந்த வீரனின் பெயர் அதில் இருக்கிறது. அத்துடன், கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். ஏழாம் நூற்றாண்டுச் சிற்றூர் தன் நாய்க்குக் கொடுத்த மதிப்பை, இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் சாம்ராஜ்யம் தன் சிப்பாய்க்குக் கொடுக்கவில்லை.

பாஸ்ரா வரை போக வேண்டியதில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைக் கடந்துதான் பலரும் வந்திருப்பீர்கள். இங்கிருந்து 277 பேர் போருக்குச் சென்றனர், 14 பேர் உயிர் துறந்தனர் என்கிறது அதிலுள்ள கல். அந்த 14 பேர் யார்? கல் சொல்லாது. டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால் அப்போரில் இறந்த இந்தியர் ஏறத்தாழ 74,000 பேர்.

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே அமைத்த சிறப்புக் குழு, ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. இனவெறி பரவியிருந்ததே காரணம் என்றும் எழுதியது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நூறாண்டு கழித்து!

போர் முடிந்ததும் கர்னாடிக் படைகள் சில கலைக்கப்பட்டன. எஞ்சியவை 1922இல் மூன்றாம் சென்னை ரெஜிமெண்டாகத் திரட்டப்பட்டு, சிக்கனம் என்ற பெயரில் அதே வழியில் அனுப்பப்பட்டன. தேவை முடிந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பும் இந்தச் சிக்கனம் நமக்குப் பழகிய குரல்தான். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞருக்கு நான்காண்டுப் பணி. நால்வரில் ஒருவர் வரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார். வெளியேறுவோருக்கு ஓய்வூதியம் கிடையாது. திருப்பதியிலும் வேலூரிலும் விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி செய்யும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இதைப் பேசுங்கள்.

ஆகவே இளம் தோழர்களுக்கு என் விடை இது: அப்போரை நாம் எதிர்க்கிறோம், அதில் கூலிக்குச் சென்று செத்தவனை நாம் கைவிடவில்லை. அவனை எண்ணாக்கியவர்களின் பக்கம் நாம் நிற்க முடியாது.

பணி ஒன்று உள்ளது. போரில் பணியாற்றியோருக்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் கிடைத்தது. சுமைதூக்கிய தொழிலாளர் படைக்கு வெண்கலம். அரசு அவனுடைய பெயரைப் பொறித்த ஓரிடம் அப்பதக்கத்தின் விளிம்பு. எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே ஆங்கில எழுத்தில் இருக்கும். வெள்ளி என்பதால் பல பஞ்ச காலத்தில் அடகுக்கோ உருக்குக்கோ போயிருக்கும். எஞ்சியவை நம் கிராமங்களின் பழைய டிரங்குப் பெட்டிகளில் கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள். பூதக்கண்ணாடி கொண்டு விளிம்பைப் படியுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘மூன்சாமி’ என்றிருந்தால் அது முனுசாமி. அந்தப் பெயர் இங்கே தமிழ் வீட்டிலும் உண்டு, தெலுங்கு வீட்டிலும் உண்டு. குடும்பத்தாரிடம் உறுதிசெய்துகொண்டு இரு மொழியிலும் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரை மறக்காமல் சேருங்கள்.