ஏறி இறங்கும் ஆட்டமும் நம் பிள்ளைகளும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் கல்வியின் சிறப்பைப் பேசுவார், ஒழுக்கத்தைப் பேசுவார். நான் காற்பந்தைப் பற்றிப் பேசப்போகிறேன். "வாத்தியாருக்கு வேற பேச்சு கிடைக்கலையா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பொறுத்துக் கேளுங்கள். கடைசியில் படிப்புக்குத்தான் வரப்போகிறேன்.

இவ்வாண்டு நம் பள்ளி அணி வட்டாரப் போட்டியில் ஆறு ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வெற்றி, ஒன்றில் சமநிலை, மூன்றில் தோல்வி. அந்த மூன்றில் ஒன்று 0-6. அந்த ஆறு கோல்தான் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒட்டுக்கடையில் அதுதான் பேச்சு, கோயில் வாசலிலும் அதுதான் பேச்சு. பெற்றோர் சிலர் என்னிடம் நேரிலேயே வந்தார்கள். "சார், பந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். நிறுத்திடுங்க. புள்ளைங்க படிக்கட்டும்" என்றார்கள். அடுத்த ஆண்டு அணி வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிவு செய்யப் போகிறது. அந்தக் கூட்டத்துக்கு முன்பாக என் மனத்தில் பட்டதைச் சொல்ல இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதலில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பெரிய அணியைப் பார்ப்போம். கோலாலம்பூர் அணியைச் சொல்கிறேன். 1986-லும் 1988-லும் லீக் வெற்றியாளர். 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ணம். மூன்று இறுதியாட்டத்திலும் தோற்றது கெடா அணி. அந்தக் காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் இங்கே தாத்தாக்களாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வானொலியில் கேட்ட ஞாபகம் உங்களுக்கு இருக்கும்.

அப்படிப்பட்ட அணிக்குப் பிறகு என்ன நடந்தது? 2012-இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மறு ஆண்டே இன்னொரு படி இறங்கி, 2014-இல் மூன்றாம் படியான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. மூன்று முறை தொடர்ந்து கிண்ணம் தூக்கிய அணி, பார்க்க ஆள் வராத சிறு திடல்களில் ஓடியது. அங்கிருந்து மேலே வந்து 2017-இல் பிரீமியர் லீக் வெற்றியாளர் ஆனது. 2018-இல் சூப்பர் லீக். 2019-இல் மறுபடியும் இறக்கம். 2020-இல் மறுபடியும் ஏற்றம். 2021 நவம்பர் 30-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். எதிரே ஜொகூர் டாருல் தக்சிம். அந்த அணி தொடர்ந்து எட்டு ஆண்டுகள் லீக்கை வென்ற அணி. யாரும் கோலாலம்பூர் பக்கம் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். ஜப்ரி யஹ்யா ஒரு கோல், தலைவர் பாலோ ஜோசுவே ஒரு கோல். 2-0. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது.

அதோடு கதை முடிந்து, பிறகு எல்லாம் வெற்றியே என்று சொன்னால் அது சினிமா. அடுத்த ஆண்டு அதே அணி ஆசிய காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ண இறுதியாட்டம் வரை போனது. அதே புக்கிட் ஜாலிலில், சொந்த மக்கள் முன்னால், ஓமான் நாட்டு அல் சீப் அணியிடம் 0-3 என்று தோற்றது. ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள், மறுபடி தோற்றார்கள். 2019-இல் கடைசியாக வந்தபோது, "இனி இது தேறாது, கலைத்துவிடு" என்று யாராவது முடிவு செய்திருந்தால், 2021 வந்திருக்குமா? இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். நம் தேசிய அணி 2010-இல் சுசூகிக் கிண்ணப் போட்டிக்குப் போனது. பயிற்றுநர் கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய நம்மவர். முதல் ஆட்டமே ஜக்கார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. ஐந்து கோல்! அன்றைக்கு ஒட்டுக்கடைகளில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து தாய்லாந்தோடு 0-0. அதற்கடுத்து லாவோசை 5-1 என்று வென்றார்கள். அரையிறுதியில் வியட்நாமை இங்கே 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். இறுதியில் மறுபடியும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் 3-0. டிசம்பர் 29-இல் ஜக்கார்த்தாவில் 1-2. கூட்டினால் 4-2. அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு முதல் முறையாக வந்தது.

கவனியுங்கள். முதல் ஆட்டமும் தோல்வி, கடைசி ஆட்டமும் தோல்வி. நடுவில் இருந்ததைச் சேர்த்து எண்ணியதால்தான் கிண்ணம். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டியிருந்தால் ராஜகோபால் ஜக்கார்த்தாவிலிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

லீக் ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்குப் பூச்சியம். வெற்றிக்கு இரண்டாக இருந்ததை மூன்றாக்கியது இங்கிலாந்து, 1981-இல். இந்தக் கணக்கில் ஆறு கோலில் தோற்றாலும் பூச்சியம், ஒரு கோலில் தோற்றாலும் பூச்சியம். அடி பலமாக விழுந்ததற்காக யாரும் கையிலிருக்கும் புள்ளியைப் பிடுங்குவதில்லை. நம் பிள்ளைகள் இவ்வாண்டு எடுத்தது ஏழு புள்ளி. அந்த ஏழைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசவில்லை. ஆறு கோலைப் பற்றித்தான் பேசினார்கள்.

இங்கிலாந்தில் பெரிய லீக்குகளுக்கு வெளியே நூற்றுக்கணக்கான சிறிய கிளப்புகள் இருக்கின்றன. அவற்றின் ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேலை செய்து மாலையில் பயிற்சி செய்கிறவர்கள். உச்சியில் உள்ள நேஷனல் லீக்கில் 24 அணிகள். ஆகவே ஒவ்வொரு அணிக்கும் 46 ஆட்டம். மழை, சேறு, காயம், வேலை, எல்லாவற்றையும் தாண்டி 46 முறை திடலுக்கு வர வேண்டும். அங்கே முதலிடம் பெறும் அணி நேராகப் பெரிய லீக்குக்கு ஏறலாம் என்ற வழி 1987-இல்தான் திறந்தது. முதலில் ஏறியது ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரின் அணி. இத்தகைய கிளப்புகள் ஒரு சனிக்கிழமை சிங்கம் மாதிரி ஆடும், மறு சனிக்கிழமை பூனை மாதிரி ஆடும். காரணம் கால்களில் மட்டும் இல்லை. பத்தொன்பது, இருபது பேர்தான் அணியில் இருப்பார்கள். இரண்டு பேருக்குக் காயம், ஒருவருக்கு இரவு வேலை என்றால் ஆட்டம் சரிந்துவிடும்.

நம் அணியின் கதையும் அதேதான். 0-6 தோற்ற அன்று என்ன நடந்தது? மூன்று பிள்ளைகள் வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டான். ஒருவனுக்குச் சப்பாத்து இல்லை. கோல் காத்தது நாலாம் வகுப்புப் பையன். அந்தப் பிள்ளை ஆறு முறை வலையிலிருந்து பந்தை எடுத்து வந்து நடுக்கோட்டுக்கு உதைத்தான். ஆறாவது முறையும் அழவில்லை. வென்ற இரண்டு ஆட்டத்திலும் அணி முழுமையாக இருந்தது. ஆக, திறமை ஏறி இறங்கவில்லை. வருகைதான் ஏறி இறங்கியது.

இப்போது படிப்புக்கு வருகிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரந்தோறும் எழுதி வைக்கிறேன். ஒரு பிள்ளைக்குக் கணிதத்தில் 78, அடுத்து 41, அடுத்து 66, அடுத்து 35, கடைசியில் 80. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறவர். 35-ஐப் பார்த்துவிட்டு, "இதுக்கு மண்டையில ஏறாது சார், சும்மா விட்டுடுங்க" என்றார் அப்பா. 80 வாங்கிய வாரம் அவர் வரவில்லை. நான் வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 41 வாங்கிய வாரத்துக்கு முன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. 35 வாங்கிய வாரத்துக்கு முன் நான்கு நாள். வந்த வாரங்களில் 66-க்குக் கீழே போகவே இல்லை. இந்தப் பிள்ளைக்கு மண்டை இருக்கிறது ஐயா. வருகைதான் இல்லை.

முன்பெல்லாம் ஆறாம் வகுப்பு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். என்ற ஒரே தேர்வு இருந்தது. இறுதியாட்டம் மாதிரி. ஆண்டெல்லாம் எப்படி இருந்தாலும் அந்த நாளில் நன்றாக எழுதினால் போதும் என்று பலர் நினைத்தார்கள். 2021-இல் அரசாங்கம் அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. இப்போது பள்ளியிலேயே ஆண்டு முழுவதும் மதிப்பிடுகிறார்கள். அதாவது நம் பிள்ளைகள் ஆடுவது இறுதியாட்டம் அல்ல, லீக். ஒவ்வொரு வாரமும் புள்ளி. வராத வாரம் பூச்சியம். இது பலருக்கு இன்னும் விளங்கவில்லை. "பரீட்சைதான் இல்லையே, ஒரு நாள் நின்னா என்ன?" என்கிறார்கள். பரீட்சை இல்லாததால்தான் ஒரு நாளும் நிற்கக்கூடாது.

இன்னொரு செய்தி. நமக்கென்று ஒரு கிளப் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணி. 2017-இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் நின்றது. கே. தேவன், பி. மணியம் போன்ற நம் பயிற்றுநர்கள் வழிநடத்தினார்கள். நம் இளைஞர்கள் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. நான்கு பருவம் மேல் லீக்கில் ஆடிவிட்டு, 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கை விட்டு விலகிவிட்டது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! அந்த அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போனவர்கள் இந்தப் பந்தலில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை. மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். தோற்று விழுந்த அணி மறுபடி எழுந்து வரலாம், கோலாலம்பூர் வந்தது. கலைந்துபோன அணி எந்த ஆட்டத்தை வென்று மேலே வரும்?

ஆகவே பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, அணியைக் கலைக்க வேண்டாம். அடுத்த ஆண்டும் ஆறு ஆட்டம் ஆடட்டும். பயிற்சி வாரம் இரண்டு மாலை மட்டும். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை அன்று திடலுக்கு வரமுடியாது, அதற்கு நான் பொறுப்பு.

இரண்டாவது, ஒரு தாளைப் பார்த்துப் பிள்ளையை எடை போடாதீர்கள். நெற்றுத் தேங்காயும் இளநீரும் ஒரே மரத்தில்தான் காய்க்கின்றன. மாத முடிவில் பள்ளிக்கு வாருங்கள். நோட்டுப் புத்தகம் என் மேசையில் இருக்கும். எல்லா எண்களையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த வாரத்தில் திட்ட வருகிற நீங்கள், கூடிய வாரத்தில் முதுகில் தட்டவும் வாருங்கள்.

மூன்றாவது, பிள்ளையை நிறுத்தாதீர்கள். தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், பக்கத்து வீட்டாரோடு பேசி முறை வைத்துக்கொள்ளலாம். வேலை கடினம் என்பது எனக்குத் தெரியும். அரைச்சுவர் ஏறிய வெயிலில் நீங்கள் குலை சுமப்பது அந்தப் பிள்ளை சுமக்காமல் இருப்பதற்குத்தான்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் சிலர், கைதட்டுகிறவர்கள் பலர். வாங்காதவர்கள் தலையைக் குனிய வேண்டாம். வாங்கியவர்கள் தலையைத் தூக்கி நடக்கவும் வேண்டாம், 2021-க்குப் பிறகு 2022 வரும். நாளை மணி அடிக்கும்போது இரண்டு கூட்டமும் வரிசையில் நில்லுங்கள்.

நிறைவாக ஒன்று. தலைமையாசிரியர் அவர்களின் இசைவோடு அடுத்த ஆண்டு முதல் புதிதாக ஒரு பரிசு வைக்கிறோம். முதல் மதிப்பெண்ணுக்கு இல்லை. ஆண்டு முழுவதும் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும். எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பரிசு. செலவைப் பற்றி ஆசிரியர்கள் நாங்கள் கவலைப்பட்டுக்கொள்கிறோம். எங்களைப் பெருஞ்செலவில் மாட்டிவிட வேண்டியது உங்கள் பொறுப்பு.